பின்வரிசை (14): சுவர்ப் பூச்சுக்கு எழுதிக்கொடுத்த பையன்

போன வாரத்தோடு ஹாக்கிப் பின்வரிசைக்காரர் திலீப் திர்க்கியின் கதை முடிந்தது. 412 சர்வதேச ஆட்டம், மூன்று ஒலிம்பிக்; விவரம் வேண்டுவோர் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் மான்ட்ரியலும் நம் வாசுதேவன் பாஸ்கரனும் என்று சொல்லி முடித்திருந்தேன். அதற்காக 1976 மான்ட்ரியலைத் தோண்டப் போன இடத்தில்தான் வினை. ஒலிம்பிக் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதே ஊரில் இன்னொரு பின்வரிசைக்காரர் ஆடியிருக்கிறார். ஒற்றைக் காலை நம்பி ஆடினார் என்றே சொல்லலாம். அவர் பின்னால் போனேன், வாரம் போய்விட்டது. ஆசிரியர் கோபத்தில் இருக்கிறார்.

பெயர் பாபி ஓர். ஆட்டம் ஐஸ் ஹாக்கி.

திருப்பத்தூர் வெயிலில் உட்கார்ந்துகொண்டு ஐஸ் ஹாக்கியா என்று சிரிக்க வேண்டாம். இந்தியாவிலும் இது உண்டு. லடாக்கில் குளம் குட்டை உறைந்ததும் ஊரே மட்டையோடு இறங்கிவிடும். பெரும்பாலும் லடாக் பெண்களைக் கொண்ட நம் மகளிர் அணி 2025-இல் ஐக்கிய அரபு எமிரேட்ஸின் அல் ஐனில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கி வந்தது. நம் செய்தித்தாள்களில் அதற்குக் கிடைத்த இடம் கொஞ்சம்தான். ஆனால் சம்பளம் வாங்கி ஆடும் தொழில்முறை ஆட்டம் இங்கே இல்லை. அதற்குக் கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளுக்குத்தான் போக வேண்டும்.

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பனித்தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். பக்கத்துக்கு ஆறு பேர்: கோல்கீப்பர் ஒருவர், முன்வரிசையில் மூவர், பின்வரிசையில் இருவர். பந்து கிடையாது, 'பக்' என்கிற ரப்பர் வில்லை, மூன்று அங்குலக் குறுக்களவு, ஒரு அங்குலத் தடிமன், எடை சுமார் 170 கிராம். துள்ளாமல் வழுக்கிப் போகட்டும் என்று ஆட்டத்துக்கு முன்பு அதை உறைய வைத்துக் கொண்டுவருவார்கள். எதிராளி முகத்துக்கு நேரே பாய்ந்து வருவார். பின்வரிசைக்காரர் அதே வேகத்தில் பின்பக்கமாகவே சறுக்கிக்கொண்டு போய் அவரை மறிக்க வேண்டும். முக்கால் நிமிடம் ஆடினால் நெஞ்சு அடைக்கும். அதனால் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஆள் இறங்கி ஆள் ஏறுவார்கள்.

பாபி ஓர் 1948 மார்ச் 20 அன்று ஒன்டாரியோ மாகாணத்தில் பாரி சவுண்ட் என்ற சின்ன ஊரில் பிறந்தார். ஜார்ஜியன் விரிகுடாக் கரை. குளிர்காலம் முழுக்க உறைநீர்தான் விளையாட்டுத் திடல். அப்பா டக் ஓர் வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளி. அவரும் இளவயதில் நல்ல ஆட்டக்காரர்தான், இரண்டாம் உலகப் போர் வந்து கடற்படைக்குப் போய்விட்டார். 1961-இல் கனனோக்வே என்ற ஊரில் சிறுவர் போட்டி. பாஸ்டன் புருயின்ஸ் அணியின் ஆட்கள் வேறு இரண்டு பையன்களை நோட்டம் விட வந்திருந்தார்கள். வந்த இடத்தில், எல்லாரையும்விடச் சின்னதாக இருந்த ஒரு பொடியன் பக்கை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் வைத்துக்கொண்டு சுற்றியதைப் பார்த்தார்கள். வந்த வேலை மறந்துபோயிற்று.

அதற்குப் பிறகு புருயின்ஸ் சார்பில் ரென் பிளேர் என்பவர் அந்த வீட்டுக்கு நடையாய் நடந்தார். 1962-இல், பதினாலு வயதில், பையன் கையெழுத்துப் போட்டான். ஒப்பந்தத்தில் என்ன கிடைத்தது தெரியுமா? கொஞ்சம் ரொக்கம். ஒரு கார். பிறகு, வீட்டின் வெளிச்சுவருக்குப் புதுப் பூச்சு.

இதைப் படித்ததும் எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது. பிற்பாடு உலகமே கொண்டாடப்போகும் ஆட்டக்காரனின் விலைப் பட்டியலில் சுவர்ப் பூச்சு ஓர் இனம்! எங்கள் தெருவில் பழைய வீடு ஒன்றில் பூச்சு உதிர்ந்த இடத்தைச் சரிசெய்துகொண்டிருந்த கொத்தனாரிடம் போய்ச் சொன்னேன். கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டுத் திரும்பினார்.

"பூச்சு வேலைக்கா தம்பி பிள்ளையக் குடுத்தாக?"

"குடுக்கலண்ணே. அவுகளுக்குத்தான் ஆடுவான்னு எழுதிக் குடுத்தாக."

"எத்தனை சதுரம்?"

"அது தெரியலண்ணே."

"சதுரம் தெரியாம வெலை எப்படித் தம்பி சொல்றது?"

வாரம் பூராவும் நான் தேடிக்கொண்டிருந்த கேள்வி இதுதான். பின்வரிசை ஆளுக்கு விலை எப்படிச் சொல்வது? கோல் போடுகிறவனுக்குக் கணக்கு சுலபம், எண்ணிவிடலாம். விழாமல் போன கோலை யார் எண்ணுவது?

பூச்சு பற்றி இன்னும் நாலு வரி எழுதிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டு வீடுகளில் சுவர்ப் பூச்சு என்பது கௌரவம். சுண்ணாம்பை ஊறவைத்து அரைத்து, கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்த்து, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு கலந்து, கூழாங்கல்லால் மணிக்கணக்கில் தேய்ப்பார்கள். நூறு வருடம் கழித்தும் கையை வைத்தால் சில்லென்று இருக்கும், முகம் பார்க்கலாம். பாரி சவுண்டில் முகம் பார்க்கத் தேவையில்லை. பனிக்காற்று மரவீட்டுக்குள் புகாமல் இருந்தால் போதும். தொழிற்சாலைக் கூலியில் அதைச் செய்ய முடியாத குடும்பத்துக்கு அந்தப் பூச்சு பெரிய விஷயம். புருயின்ஸ் ஆட்கள் வீட்டைப் பார்த்து எடைபோட்டுத்தான் அதைத் தர ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

கையெழுத்துப் போட்ட காகிதத்துக்குப் பெயர் 'சி ஃபாரம்'. வயது வராத பையன் என்பதால் அப்பா அம்மா சம்மதமும் வேண்டும். போட்டுவிட்டால், தொழில்முறை ஆட்டத்தில் அவன் அந்த அணிக்குச் சொந்தம். அன்றைக்கு என்.எச்.எல். லீகில் இருந்ததே ஆறு அணிகள். பிடிக்கவில்லை, வேறு அணிக்குப் போகிறேன் என்று சொல்ல வழியில்லை.

இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு இந்த வயதும் இந்தக் காகிதமும் புதிதாக இருக்காது. பதின்மூன்று பதினாலு வயதில் பையன்களைக் கப்பலேற்றி ரங்கூனுக்கும் மலேயாவுக்கும் அனுப்பிய சீமை இது. 'கொண்டுவிக்கப் போவது' என்று சொல்வார்கள். கடையில் முதலில் பெட்டியடிப் பையன், பிறகு அடுத்தாள், பிறகு ஏஜென்ட். மூன்று வருசக் கணக்கு. சம்பளத்தில் ஒரு பங்கு முன்கூட்டியே வீட்டுக்கு வந்துவிடும். அந்தப் பணத்தில் எத்தனை சுவருக்குப் பூச்சு ஏறியதோ. ஆனால் ஒன்று: பெட்டியடிப் பையன் முதலில் கற்றுக்கொண்டது கணக்கு எழுத. பற்று எது, வரவு எது என்று தெரியாமல் ஒருத்தனும் ஊர் திரும்பவில்லை. பாபி ஓர் அதைக் கற்றது ஆட்டமெல்லாம் முடிந்த பிறகு. அந்த வித்தியாசம் அவருக்கு எவ்வளவு செலவு வைத்தது என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

பையன் ஓஷாவா ஜெனரல்ஸ் என்ற இளையோர் அணிக்கு ஆடப் போனான். பதினாலு வயதில், தன்னைவிட நாலைந்து வயது மூத்தவர்களோடு. அம்மா ஆர்வாவுக்குப் பிள்ளையை விட மனசில்லை. முதல் வருடம் அவன் வீட்டில் இருந்தபடியே பள்ளிக்கூடம் போனான். ஆட்ட நாளில் மட்டும் போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம் காரில். 1966-இல் பதினெட்டு வயதில் பாஸ்டன். அந்த ஆண்டு புருயின்ஸ் ஆறு அணிகளில் ஆறாவது. ஆனால் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருது ஓருக்கு. சிறந்த பின்வரிசைக்காரருக்கான நாரிஸ் விருதை அந்த வருடம் வாங்கிய ஹாரி ஹவல், 'இந்த வருடமே வாங்கிக்கொண்டது நல்லதாயிற்று, இனி இது அந்தப் பையனுக்குத்தான்' என்கிற அர்த்தத்தில் பேசினார். அப்படியே ஆயிற்று. அடுத்த எட்டு வருடம், 1968 முதல் 1975 வரை, விருது வேறு யார் வீட்டுக்கும் போகவில்லை.

அப்படி என்ன செய்தார்? அவர் வரும்வரை பின்வரிசைக்காரரின் வேலை நில், மறி, இடி, பக்கை முன்னால் இருப்பவனிடம் தள்ளிவிடு. ஓர் பக்கைத் தள்ளிவிடவில்லை. தானே எடுத்துக்கொண்டு போனார். எதிரணியில் ஐந்து பேரைக் கடந்து கோல் வாசல்வரை போவார். பக் பறிபோனால், முன்வரிசை ஆள் திரும்புவதற்குள் இவர் தன் இடத்துக்கு வந்து மறித்துக்கொண்டிருப்பார். அந்தக் கால்வேகம் இல்லாதவன் இந்த விளையாட்டைச் செய்தால் அணி மூழ்கிவிடும்.

அவருடைய மட்டையைப் பாருங்கள். மற்றவர்கள் மட்டையின் அலகு முழுக்கக் கறுப்பு டேப் சுற்றுவார்கள், பக் நழுவாமல் இருக்க. ஓருக்கு ஒற்றைச் சுற்று, அவ்வளவுதான். போகப் போக அதுவும் குறைந்தது. சறுக்குக் காலணிக்குள் சாக்ஸ் போட மாட்டார். வெறுங்கால். மட்டையும் காலும் தளத்தை நேரே உணர வேண்டும் என்பதுபோல. தன் அணியில் ஒருவர் தண்டனை பெற்று இரண்டு நிமிடம் வெளியே உட்கார, ஆள் குறைந்த நேரத்தில் பக் இவரிடம் வந்துவிட்டால் பார்க்க வேண்டும். தன் கோலுக்குப் பின்பக்கம் சுற்றுவார், முன்னால் வருவார், ஒருவரைக் கடப்பார், முன்னேற மாட்டார், மறுபடி திரும்பித் தன் பக்கமே வருவார். ஆள் கூடுதலாக உள்ள எதிரணி அவரையே துரத்திக்கொண்டிருக்க, கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, சதுரக் கணக்குக்கு வருவோம். ஐஸ் ஹாக்கியில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. ஒருவர் தளத்தில் இருக்கும்போது அவர் அணி கோல் போட்டால் அவர் பெயரில் ஒன்று வரவு. எதிரணி போட்டால் ஒன்று பற்று. கோலை யார் அடித்தார் என்பது பொருட்டே இல்லை. ஆள் கூடுதலாக இருக்கும்போது போட்ட சுலபமான கோல்களைச் சேர்க்க மாட்டார்கள். வருடக் கடைசியில் ஐந்தொகை எடுத்தால், இந்த ஆள் நின்றதால் அணிக்கு லாபமா நட்டமா என்று தெரிந்துவிடும். பின்வரிசை ஆளுக்கென்றே யாரோ யோசித்து வைத்த பேரேடு. குறைகள் உண்டு: நல்ல அணியில் நிற்கிறவனுக்குச் சும்மாவே ஏறும். இருக்கட்டும், நம் புல்தரை ஹாக்கியில் அதுகூடக் கிடையாது.

1970–71 பருவத்தில் 78 ஆட்டம் முடிந்து பாபி ஓரின் ஐந்தொகை: கூட்டல் 124. இன்றுவரை யாரும் அதைத் தொடவில்லை. அடுத்து வருபவர் மான்ட்ரியல் அணியின் லாரி ராபின்சன், 1976–77-இல் 120. ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அதே பருவத்தில் ஓர் போட்ட கோல் 37, கோலுக்கு வழிசெய்து கொடுத்தது 102, ஆக 139 புள்ளி. ஒரு பருவத்தில் நூறு முறை வழிசெய்து கொடுத்த முதல் ஆள் அவர்தான், நிற்பதோ பின்வரிசையில். லீகிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் என்ற பட்டத்தை 1970, 1975 என இரண்டு முறை வாங்கினார். அவரைத் தவிர வேறு எந்தப் பின்வரிசைக்காரருக்கும் ஒரு முறைகூட அது கிடைத்ததில்லை.

கூட்டல் 124 எடுத்த அந்த வருடம் லீக் கோப்பை கிடைத்திருக்கும் என்று நினைப்பீர்கள். 399 கோல் போட்ட அந்த புருயின்ஸ், முதல் சுற்றிலேயே மான்ட்ரியலிடம் தோற்று வீட்டுக்குப் போனது! இரண்டாவது ஆட்டத்தில் 5–1 என்று முன்னால் இருந்துவிட்டு 7–5 என்று தோற்றார்கள். எதிர்ப்பக்கம் கோல்கீப்பர் கென் டிரைடன், அதுவரை லீகில் ஆறே ஆட்டம் ஆடிய சட்டக் கல்லூரி மாணவர். பிற்பாடு கனடாவில் மத்திய அமைச்சரே ஆனார். அவரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த வாரமும் போய்விடும், விட்டுவிடுகிறேன்.

கோப்பை 1970-இலும் 1972-இலும் வந்தது. 1970 மே 10, பாஸ்டன் கார்டன் அரங்கம், கூடுதல் நேரம் தொடங்கி நாற்பதாவது விநாடி. டெரெக் சாண்டர்சன் தள்ளிக் கொடுத்ததை ஓர் கோலுக்குள் திருப்பினார். அதே நொடியில் செயின்ட் லூயிஸ் அணியின் நோயல் பிக்கார்ட் காலைத் தட்டிவிட, இரண்டு கையையும் நீட்டியபடி தரைக்கு இணையாக அந்தரத்தில் பறந்தார். ரே லூசியே என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் எடுத்த படம் அது. அந்த நல்ல இடத்தில் உட்கார்ந்திருந்த வேறொருவர் பீர் வாங்க எழுந்து போனதால் லூசியேவுக்கு நாற்காலி கிடைத்தது என்பார்கள். நாற்பது வருடம் கழித்து, 2010-இல், அந்தப் பறத்தலையே வெண்கலத்தில் வார்த்து, பாஸ்டனின் புது அரங்கத்துக்கு வெளியே வைத்துவிட்டார்கள்.

இடது முழங்கால்தான் எமன். பதினெட்டு வயதில் முதல் அடி. அதற்குப் பிறகு அறுவை மேல் அறுவை, பத்துக்கும் மேல். இன்றுபோல் சின்னத் துளை போட்டுத் தைக்கிற காலமா அது? திறந்து, கிழிந்த குருத்தெலும்பை வெட்டி எடுத்துவிடுவார்கள். எலும்பும் எலும்பும் உரசும். 1972-இல் சோவியத் ரஷ்யாவோடு கனடா மோதிய புகழ்பெற்ற எட்டு ஆட்டத் தொடரில் அணியோடு போனார், ஆட முடியவில்லை. 1975–76-இல் மொத்தமே பத்து ஆட்டம். ஒப்பந்தமும் அந்தக் கோடையில் முடிந்தது.

இங்கேதான் கணக்குப் பிள்ளை வருகிறார். ஆலன் ஈகிள்சன், டொரான்டோ வழக்கறிஞர். 1966-இலிருந்து ஓரின் ஏஜென்ட். 1967-இலிருந்து ஆட்டக்காரர் சங்கத்துக்கும் அவர்தான் தலைமை. சர்வதேசப் போட்டிகளை ஏற்பாடு செய்பவரும் அவரே. வாங்குகிறவன், விற்கிறவன், தராசு பிடிக்கிறவன் எல்லாம் ஒரே ஆள். ஓர் அவரை அண்ணன் மாதிரி நம்பினார். எந்தக் காகிதத்தையும் படித்துப் பார்த்ததில்லை.

1976-இல் புருயின்ஸ் தரப்பு ஓரைத் தக்கவைக்க, சம்பளத்தோடு அணியிலேயே 18.5 சதவீதப் பங்கு தருவதாகச் சொன்னது. ஓரின் காதுக்கு அது வரவே இல்லை. பாஸ்டனுக்கு உன்மேல் அக்கறை இல்லை, சிகாகோ போகலாம் என்று ஈகிள்சன் சொன்னார், போனார். சிகாகோவில் மொத்தம் 26 ஆட்டம்தான் ஆட முடிந்தது. ஆடாத நாளுக்குச் சம்பளமா என்று அவர்கள் கொடுத்த காசோலைகளை வங்கியில் போடாமலே வைத்திருந்தார். 1978 நவம்பரில், முப்பது வயதில், முடித்துக்கொண்டார். அப்புறம் கணக்கைத் திறந்து பார்த்தால், இருக்கிற சொத்தைவிடக் கட்ட வேண்டிய கடனும் வரியும் அதிகம். 1980-இல் ஈகிள்சனை விட்டு விலகினார்.

அந்த அணியின் இன்றைய மதிப்பு நூறு கோடி டாலருக்கும் மேல். 18.5 சதவீதத்தை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஈகிள்சனின் மற்ற வேலைகளை வெளியே கொண்டுவந்தது மாசசூசெட்ஸில் லாரன்ஸ் என்ற ஊரின் சின்னப் பத்திரிகை 'ஈகிள் ட்ரிப்யூன்'. அதன் விளையாட்டு நிருபர் ரஸ் கான்வே 1991 முதல் தொடராக எழுதினார். பெரிய பத்திரிகைகளெல்லாம் வேடிக்கை பார்த்தன. 1998-இல் ஈகிள்சன் அமெரிக்காவிலும் கனடாவிலும் மோசடிக் குற்றங்களை ஒப்புக்கொண்டார். அபராதம், பதினெட்டு மாதச் சிறைத் தண்டனை. ஐஸ் ஹாக்கி புகழ் மண்டபத்திலிருந்தும் விலக வேண்டியதாயிற்று. அவர் இருந்தால் நாங்கள் போகிறோம் என்று ஓர் உள்பட மூத்த ஆட்டக்காரர்கள் ஒரு கூட்டமாக நின்றதால் வந்த விலகல் அது. (வாரத் தொடர் எழுதுகிறவனுக்கு இந்த கான்வேயைப் பார்த்து வருகிற பொறாமையை இங்கே எழுத இடமில்லை.) ஓர் பிறகு என்ன தொழில் செய்தார் தெரியுமா? ஏஜென்ட். இளம் ஆட்டக்காரர்களுக்கு ஒப்பந்தம் படித்துச் சொல்கிற வேலை.

ஆக ஒரே ஆளுக்கு மூன்று விலை. பதினாலு வயதில் ஒரு சுவர்ப் பூச்சு. இருபத்திரண்டு வயதில், பேரேட்டில், கூட்டல் 124. இருபத்தெட்டு வயதில் அணியின் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்ட. முதல் விலை வீட்டுக்கு வந்து சேர்ந்தது. இரண்டாவது வரலாற்றில் இருக்கிறது. மூன்றாவதை வேறொருவர் மறைத்துவிட்டார். பனித்தளத்தில் தன் பின்னால் இருப்பதையெல்லாம் திரும்பிப் பார்க்காமலே அறிந்தவருக்குத் தன் பணம் எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. பின்வரிசைக்காரர்கள் பலருக்கும் இது பொது. அடுத்தவன் வாசலைக் காப்பதே பிழைப்பாகிவிட்டவர்கள் தன் வாசலைப் பூட்ட மறந்துபோகிறார்கள். கொத்தனார் கேட்டதுபோல, சதுரத்தை முதலில் அளந்துகொள்ளாத ஒப்பந்தம் எதுவாக இருந்தாலும் ஒரு தரப்புக்குத்தான் லாபம்.

மான்ட்ரியல்? 1976 செப்டம்பர், முதல் கனடா கோப்பை. சிகாகோவுக்குப் போகும் முன் ஓர் ஆடிய தொடர். காலையில் நொண்டி நடந்து, இரவில் ஆடினார் என்று கூட ஆடியவர்கள் சொல்கிறார்கள். ஏழு ஆட்டம், ஒன்பது புள்ளி, கனடாவுக்குக் கோப்பை, தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அந்த முழங்காலுக்கு.

அதே ஊரில் அதே ஆண்டு ஜூலையில்தான் ஒலிம்பிக் ஹாக்கி முதல்முறையாகச் செயற்கைப் புல்லில் நடந்தது. புல்தரையில் கால் பழகிய இந்தியா ஏழாவது இடத்துக்கு விழுந்தது. லயோலா கல்லூரியில் படித்த பாஸ்கரன் அந்த அணியில் இருந்தார். நாலு வருடம் கழித்து மாஸ்கோவில் அவர்தான் கேப்டன். இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினோடு 3–0 என்று முன்னால் இருந்தோம். கௌஷிக், ஷாகித், சோதி கோல் போட்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஸ்பெயினின் அமாத் தனியாளாக மூன்று போட்டு 4–3 ஆக்கிவிட்ட பிறகு, நாலாவது விழாமல் பார்த்துக்கொண்டார்களே, அதற்கு வரவு யார் பெயரில்? அடுத்த வாரம் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். பூச்சு, சுண்ணாம்பு எதுவும் குறுக்கே வராது என்று ஆசிரியருக்கு எழுதியே கொடுத்திருக்கிறேன்.